மாமியார் வீட்டுக் கூண்டு

லியோ டூபிக் தன் பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்ததை நான் என் நோட்டில் மூன்று தடவை எழுதி வைத்திருக்கிறேன். தேதி, நேரம், எந்தக் காலை முதலில் சுருட்டினான் என்பது உட்பட. நான் அப்படிப்பட்ட ஆள். சந்தேகம் என்று வந்துவிட்டால் ஒரு துரும்பையும் விடமாட்டேன்.

என் பேர் எமில் செட்லாக். டன்மார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் கம்பி இழுத்தவன். அந்த இருபத்திரண்டு வருஷமும் எனக்குப் பக்கத்தில் நின்று இழுத்தவன் லியோ. எங்கள் ஊரில் அந்தப் பழைய டெலிபோன் கம்பெனிக்கு ஒரே பேர்தான்: மாமியார். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிற கம்பி அவளுடையது, கட்டடம் அவளுடையது, டயல் டோன் அவள் போடுகிற பிச்சை. தொண்ணூற்றாறில் ஆள் குறைத்தார்கள். எங்கள் பிரிவில் இரண்டு பேரில் ஒருவன் போக வேண்டும் என்று வந்தது. என்னை அனுப்பினார்கள், லியோவை வைத்துக்கொண்டார்கள். என் பேரை எடுத்துக் கொடுத்தது யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே என்னிடம் ஒரு பதில் இருந்தது.

அதே வருஷம் வாஷிங்டனில் புதுச் சட்டம் வந்தது. இனிமேல் உள்ளூர் டெலிபோன் தொழிலில் யார் வேண்டுமானாலும் போட்டிக்கு இறங்கலாம். பழைய கம்பெனி தன் கம்பிகளையும், எக்ஸ்சேஞ்சுக்குள் கொஞ்சம் இடத்தையும் போட்டிக்காரனுக்கு நியாயமான வாடகைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். ரீட்டா கார்னி என்று ஒரு வக்கீலம்மா, என்னைவிடப் பத்து வயது சின்னவள், தைரியமாகக் கம்பெனி ஆரம்பித்தாள். மொத்தம் ஒன்பது பேர். அதில் கம்பி தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

மாமியார் இடம் கொடுத்தாளா என்றால் கொடுத்தாள். எட்டு மாதம் இழுத்தடித்துக் கொடுத்தாள். முதலில் இடமே இல்லை என்றாள். ரீட்டா காலி இடத்தைப் படம் பிடித்துக் காட்டியதும் மேல்மாடி மூலையில் பத்தடிக்குப் பத்தடி இடம் முளைத்தது. அதைச் சுற்றிக் கம்பிவலை, வலைக்கு ஒரு பூட்டு. எங்கள் கருவிகள் கூண்டுக்குள், நானும் கூண்டுக்குள். கூண்டிலிருந்து மாடிப்படி வரைக்கும் தரையில் மஞ்சள் கோடு, அதைத் தாண்டி ஒரு அடி வைக்கக்கூடாது. கக்கூஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவசரம் என்றால் ரோட்டைக் கடந்து பெட்ரோல் பங்க்குக்கு ஓட வேண்டும், அதுவும் ஜனவரி மாதத்துப் பனியில். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கட்டடத்தின் சாவியை இடுப்பில் கட்டியிருந்தவன் நான்.

இத்தனைக்கும் மேல், நான் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் துணைக்கு ஒரு ஆள். நான் எதையும் திருடிவிடக் கூடாதாம். கூண்டுக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. உலகத்தில் வேறு ஆளே கிடைக்காத மாதிரி அந்த நாற்காலியில் லியோவை உட்கார வைத்தார்கள்.

ரீட்டாவும் விடுகிறவள் இல்லை. ஒப்பந்தத்தில் எங்கள் பக்கத்துக்கும் விதிகள் போட்டு வாங்கினாள். துணைக்கு உட்காரும் ஆள் எங்கள் கருவிகளைத் தொடக்கூடாது. எங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசக்கூடாது. எங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. "எமில், உங்க கண்ணுதான் நமக்குச் சாட்சி," என்று சொல்லி எனக்கு ஒரு சிவப்பு அட்டை நோட்டு வாங்கிக் கொடுத்தாள். "அந்தக் கட்டடத்துல ஒரு ஈ பறந்தாலும் எழுதி வைங்க."

நல்ல ஆளிடம்தான் கொடுத்தாள்.

ஊரிலிருந்து வரும் கம்பிகள் எல்லாம் மாமியாருடைய பெரிய இரும்புச் சட்டகத்தில் வந்து முடியும். அங்கிருந்து எங்கள் கூண்டுக்கு ஒரு தடித்த கேபிள், உள்ளே நூறு ஜோடிக் கம்பிகள். கூண்டுக்குள் அந்த நூறு ஜோடியையும் ஒரு பலகையில் வரிசைக்கு ஐந்தாக, கீழிருந்து மேலாக இருபது வரிசையில் கட்ட வேண்டும். ஒருவர் எங்களிடம் மாறி வந்தால் எங்கள் ஆபீஸ் மாமியாருக்கு ஆர்டர் அனுப்பும்: இன்னாருடைய லைனை எங்கள் கேபிளில் நாற்பத்தாறாம் ஜோடியில் மாட்டு. குறித்த நேரத்துக்கு லியோ நாற்காலியிலிருந்து எழுந்து போய்ச் சட்டகத்தில் மாட்டிவிட்டு வருவான். கூண்டுக்குள் நாற்பத்தாறாம் ஜோடி என்று ஆபீஸ் தாள் காட்டுகிற இடத்தில் நான் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் தொழில்.

முதல் பலகையைக் கட்டியது ஹாரிஸ்பர்க்கிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர்கள், அப்போது எனக்கு உள்ளே நுழைய அட்டை வரவில்லை. நூறு வாடிக்கையாளர்களும் வழுக்கிக்கொண்டு வந்தார்கள். நவம்பரில் இரண்டாவது பலகை வந்தது. அதை நானே கட்டினேன், ஒரே காலையில், தனியாக. கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வேன். அன்றைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் கட்டினேன், கை பாட்டுக்கு ஓடியது.

மூன்றாவது வரிசைக்கு வந்திருப்பேன். நாற்காலி கிறீச்சிட்டது.

"எமிலு, அந்தக் கீழ—"

"வாயத் தொறக்காத," என்றேன் திரும்பாமல்.

"இல்லடா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு—"

"என் கூண்டு, என் வேலை. ஒப்பந்தத்துல ஏழாம் பக்கம் படிச்சியா இல்லியா? என் வேலையப் பத்தி நீ ஒரு வார்த்த பேசினா தலையிட்டதா அர்த்தம்."

"நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல எதுக்குடா ஒப்பந்தம்?"

"அத தொண்ணூத்தாறுலயே போட்டிருக்கணும்," என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நோட்டை எடுத்து எழுதினேன். 'காலை 10.20. துணையாள் என் வேலையில் தலையிட முயன்றார். தடுத்தேன்.' ரீட்டா அதை வைத்து மாமியாருக்கு ஒரு கடிதம் விட்டாள். ஒரு வாரத்தில் லியோவுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்துவிட்டது: இன்னொரு தடவை வாயைத் திறந்தால் வேலை காலி. எனக்கு அது உள்ளூர இனித்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? அதற்கப்புறம் லியோ என்னிடம் ஆர்டரைப் பற்றித் தவிர எதுவும் பேசியதில்லை.

டிசம்பரில் இரண்டாவது பலகையில் வாடிக்கையாளர்களை ஏற்ற ஆரம்பித்தோம். முதலாவதே செத்துப் பிறந்தது. பத்து மணிக்கு லியோ எழுந்து போனான், மாட்டினான், வந்தான். நான் காதை வைத்தேன். கிணற்றுக்குள் காது வைத்தது மாதிரி இருந்தது.

"எங்கடா மாட்டின?"

"உங்க ஆர்டர்ல போட்டிருக்கற எடத்துல."

"பொய் சொல்லாத. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான், வந்தான். "உங்க ஆர்டர்ல போட்டிருக்கற எடத்துலதான் இருக்கு."

நான் போய்ப் பார்க்கலாம் என்றால் மஞ்சள் கோடு. அப்படியே கோட்டின் விளிம்பில் நின்று கழுத்தை நீட்டினேன். இருபது அடி தூரத்தில் சட்டகம், ஒன்றும் தெரியவில்லை. திரும்பினால் லியோ நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாக, இடது கால் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான். முழங்கால் வரைக்கும். அப்புறம் வலது கால். வெளியே பனி கொட்டுகிறது, இவன் வெள்ளை வெளேரென்று காலைக் காட்டிக்கொண்டு விசில் அடிக்கிறான்.

"என்னடா இது, கடற்கரையா?"

அவன் என்னைப் பார்த்தான், தன் முழங்காலைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பேசவில்லை. என்ன நக்கல் பாருங்கள்! 'துணையாள் அநாகரிகமாகக் கேலி செய்தார்' என்று எழுதினேன்.

அடுத்தது இன்னும் மோசம். யானோஷாக் சவ அடக்க இல்லம், நூறு வருஷத்துப் பேர், எங்களிடம் மாறி வந்தது. மாறின அன்றே அவர்கள் டெலிபோன் ஊமையாகிவிட்டது. அவர்கள் நம்பருக்கு வந்த அழைப்பெல்லாம் இரண்டு தெரு தள்ளி, எங்களிடமே மாறியிருந்த ஒரு பீட்சா கடையில் போய் அடித்தது. பெர்னி யானோஷாக் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டான்.

"ரெண்டு சாவுய்யா, ரெண்டு சாவு! எங்கப்பா காலத்துலேர்ந்து எங்ககிட்ட வர்ற குடும்பம். அழுதுகிட்டே போன் பண்ணினா, 'பெருசா சின்னதா, மேல வெங்காயம் போடணுமா'ன்னு கேட்டிருக்கானுங்க. யாராச்சும் திரும்பி என் வாசலுக்கு வருவாங்களா?"

இது கை தவறி நடக்கிற காரியமா? யோசித்து யோசித்துச் செய்தால்தான் இப்படி வரும் என்று ரீட்டாவிடம் சொன்னேன். முதல் நூறு பேர் வரைக்கும் விட்டுப் பிடித்தார்கள். நாம் வளருகிறோம் என்று தெரிந்ததும் கழுத்தில் காலை வைக்கிறார்கள். ரீட்டா அப்படியே நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? எங்கள் ஆர்டர்களை மூன்று தடவை 'காணவில்லை' என்று சொன்னவள் மாமியார். எங்களுக்கு மாற இருந்தவர்களை ஆர்டர் போன மறுநாளே கூப்பிட்டுச் சலுகை பேசியவள். சந்தேகப்பட ஆயிரம் காரணம் கொடுத்துவிட்டு, ஆயிரத்தொன்றாவது தடவை நான் நிரபராதி என்றால் எவன் கேட்பான்?

பிப்ரவரி முடிவதற்குள் பதினோரு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். பதினோரு தடவையும் அதே நாற்காலி, அதே பதில். மூன்று தடவை பேன்ட்.

"கம்பெனிமேல வழக்குப் போட்டா பத்து வருஷம் இழுக்கும்," என்றாள் ரீட்டா. "மாநில டெலிபோன் ஆணையத்துல போய் நிக்கணும்னா ஒரு ஆளோட பேர் வேணும், எமில். யாரு, எந்தத் தேதி, என்ன பண்ணினார்னு வேணும்."

"எழுதிக்கோங்க," என்றேன். "லியோ டூபிக்."

பேரைச் சொன்னபோது நாக்கு கொஞ்சம் தடுக்கத்தான் செய்தது. லியோ அறுபத்தொன்பது ஆகஸ்டில் வேலைக்குச் சேர்ந்தவன். இன்னும் ஐந்து மாதத்தில் முப்பது வருஷம் முடியும். முடிந்தால்தான் முழு பென்ஷனும், சாகும்வரை மருத்துவக் காப்பீடும். அவன் மனைவி ஆல்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். குற்றம் நிரூபணமானால் அந்தக் காப்பீடு போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆல்மா கையால் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன்! ஆனால் என்னை அனுப்பினபோது என் வீட்டு அடுப்பைப் பற்றி யார் யோசித்தார்கள் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

மாமியார் என்ன செய்தாள் தெரியுமா? புகார் போன மூன்றாம் நாள் லியோவைத் தற்காலிக நீக்கம் செய்துவிட்டு, 'இது ஒரு தனி ஊழியரின் செயல், கம்பெனிக்குச் சம்பந்தமில்லை' என்று கடிதம் கொடுத்துவிட்டாள். முப்பது வருஷம் உழைத்தவனை மூக்குச் சிந்தின காகிதம் மாதிரி எறிந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். குற்றவாளியைப் பாதுகாக்காமல் இவ்வளவு சுலபமாகக் கைகழுவுகிறாளே, இதில் என்ன சூது என்றுதான் யோசித்தேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும்.

மார்ச்சில் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் ஆணையத்தின் விசாரணை. அதற்கு இரண்டு நாள் முன்னால், சாட்சியத்துக்குப் படம் எடுக்கக் கூண்டுக்குப் போனேன். லியோவின் நாற்காலியில் பிலடெல்பியாவிலிருந்து வந்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். யோலாண்டா என்று பேர், நாற்பது வயதிருக்கும், காதில் பெரிய வளையம். எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாதவள். விதிகளும் அவளுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது, வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. நானும் நோட்டை எடுக்கவில்லை, களைப்பாக இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளும்மா."

"முதல் பலகைல கீழேர்ந்து மேல வரைக்கும் கம்பி இருக்கு. ரெண்டாவதுல கீழ் வரிசை மட்டும் காலியா கெடக்கே, ஏன்? மேல அஞ்சு ஜோடியச் சுருட்டி டேப் போட்டு வேற வச்சிருக்கீங்க."

"அது வெள்ள வரிசைம்மா," என்றேன் கேமராவைத் திருகிக்கொண்டே. "இந்தக் கட்டடத்துல அத யாரும் தொடமாட்டோம்."

"வெள்ள வரிசையா? இங்க மாடில ஏது சார் வெள்ளம்?"

கேமரா கையில் அப்படியே நின்றுவிட்டது.

எழுபத்திரண்டில் ஆறு பொங்கி எக்ஸ்சேஞ்சுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது. கீழ்த்தளப் பலகைகளில் அடி வரிசை துருப்பிடித்துப் போனது. அன்றைக்கிருந்த மேஸ்திரி ஓர் உத்தரவு போட்டார்: இனி எந்தப் பலகையிலும் அடி வரிசையைக் காலியாக விடு, இரண்டாவதிலிருந்து எண்ணு, மிஞ்சுகிற ஐந்து ஜோடியைச் சுருட்டி வை. மேல்மாடிப் பலகைக்கும் அதே உத்தரவு. மேஸ்திரி செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது, யாரும் நிறுத்தவில்லை. டன்மாரில் வேலை பார்த்த அத்தனை பேரும் இரண்டாவது வரிசையைத்தான் ஒன்று என்போம். உலகத்தில் வேறு எவனும் அப்படி எண்ணமாட்டான். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரும் எண்ணவில்லை. அதற்குக் கீழ் வரிசைதான் ஒன்று.

என் கை பாட்டுக்குக் கட்டியிருக்கிறது. பலகை முழுக்க ஒரு வரிசை தள்ளிப் போயிருக்கிறது. நாற்பத்தாறில் மாட்டு என்று ஆர்டர் சொன்னால் லியோ நாற்பத்தாறில்தான் மாட்டியிருக்கிறான். ஆபீஸ் தாள் நாற்பத்தாறு இருக்கும் என்று சொன்ன இடத்தில் என் பலகையில் இருந்தது நாற்பத்தொன்று. ஒருவன் லைன் ஐந்து பேர் தள்ளி இன்னொருவனுடைய நம்பரில் போய் விழுந்திருக்கிறது. பீட்சா கடை, சவ அடக்க இல்லம், பதினோரு பேர், எல்லாம் நான்.

அப்போதுதான் பேன்ட் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், விவரம் தெரியாமல் அடி வரிசையில் கம்பியைச் செருகிவிட்டேன். லியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி அறையைச் சுற்றி வந்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சிவந்தது. அதற்கப்புறம் நான் அந்த வரிசையைத் தொட்டதே இல்லை.

அவனைப் பேசக்கூடாது என்று சொன்னது நான். பேசினால் வேலை போகும் என்று ஆக்கி வைத்ததும் நான். பேன்ட்டைச் சுருட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. பாவி, மூன்று தடவை சொல்லியிருக்கிறான். நான் உட்கார்ந்து எந்தக் கால் முதலில் என்று எழுதியிருக்கிறேன்!

"சார், தண்ணி குடிக்கறீங்களா? முகம் ஒரு மாதிரி இருக்கே," என்றாள் யோலாண்டா.

ரீட்டாவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"பலகைய மாத்திக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம்."

"நாளைக்குக் காலைல மாத்திக் கட்டுங்க. இதப் பத்தி யாரும் உங்களக் கேக்கப் போறதில்ல."

"லியோ?"

"எமில், எட்டு மாசம் இழுத்தது பொய்யா? ஆர்டர் காணாமப் போனது பொய்யா? பங்க்ல போய் ஒண்ணுக்கு இருந்தது பொய்யா? அத்தனையும் நிஜம். ஆனா அதையெல்லாம் காது குடுத்துக் கேக்க ஆணையத்துக்கு இந்தப் பதினோரு லைன்தான் வாசல். இது இல்லன்னா நாம ஒம்பது பேரும் வீட்டுக்குப் போகணும். உங்களப் பொய் சொல்லச் சொல்லல. கேக்காததச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்."

அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. நியாயம் பாதியாக இருப்பதுதான் கொடுமை. முழு அயோக்கியத்தனமாக இருந்தால் கோபப்பட்டுவிட்டு எழுந்து வந்திருப்பேன். மறுநாள் நான் பலகையை மாற்றிக் கட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

ஹாரிஸ்பர்க்கில் சின்ன அறை, நீள மேஜை, நீதிபதியாக வெள்ளை முடி வைத்த ஒரு அம்மையார். மாமியாரின் வக்கீல்கள் நான்கு பேர். லியோ பக்கம் யாருமில்லை. கடைசி வரிசையில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஆல்மா, ஊதிப்போன மணிக்கட்டில் பிளாஸ்டர். அன்று அவளுக்கு டயாலிசிஸ் நாள் இல்லை என்று கணக்குப் பார்த்துக்கொண்டேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

"உங்க நோட்டுல இருக்கறத நீங்களே படிங்க," என்றார் நீதிபதி.

சிவப்பு அட்டையைத் திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். "நவம்பர் பதினெட்டு, காலை பத்து இருபது. துணையாள் என் வேலையில் தலையிட முயன்றார். தடுத்தேன்."

"எப்படித் தலையிட்டார்?"

ரீட்டா என்னையே பார்த்தாள். கேட்காததைச் சொல்லாதே என்றாள் அல்லவா? கேட்டுவிட்டார்களே.

"கீழ் வரிசையப் பத்திச் சொல்ல வந்தார்ங்க. நான் சொல்ல விடல." நோட்டை மூடினேன். "அவர் சொல்ல வந்தது சரி. பலகையத் தப்பாக் கட்டினது நான். பதினோரு லைனும் என்னாலதான் செத்துது. அவர் எங்க மாட்டணுமோ அங்கதான் மாட்டினார். பேன்ட்டச் சுருட்டினது கேலி இல்ல, எங்க கட்டடத்துல அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. சொல்றேன்."

சொன்னேன். வெள்ளம், மேஸ்திரி, முதல் வாரம், எல்லாம். ஒரு டெலிபோன் வழக்கில் முழங்காலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசியவன் நானாகத்தான் இருப்பேன். யாரும் சிரிக்கவில்லை.

புகார் அன்றே தள்ளுபடி. எட்டு மாதம், காணாமல் போன ஆர்டர்கள், கக்கூஸ், எதையும் அதற்குப் பிறகு யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே வரும்போது மாமியாரின் பெரிய வக்கீல் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நேர்மையான மனுஷன்!" என்றான். வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், எதுவும் அவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.

லியோ தாழ்வாரத்தில் ஆல்மாவுக்குக் கோட்டு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"லியோ."

"கம்பெனியச் சந்தேகப்பட்ட, சரி. நானே படறேன்," என்றான் என்னைப் பார்க்காமல். "எம் பேர எழுதிக் குடுத்தியேடா."

"விடுங்க, கார் கிட்டப் போலாம்," என்றாள் ஆல்மா. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். போய்விட்டார்கள்.

மறுநாள் ரீட்டா என் சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்திருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜூன் மாதம் கம்பெனியையே இழுத்து மூடினாள், அதற்கும் என்னைத் திட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். லியோ அதற்கு முன்பே, விசாரணை முடிந்த அடுத்த திங்கட்கிழமையே, மாமியார் வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

கறி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சர்ச் கூடத்தில் மீன் வறுத்துப் போடுவார்கள். பத்து வருஷமாக எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்பவன் லியோ. அந்த வருஷம் அதுவரைக்கும் நான் ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போகவில்லை. ஈஸ்டருக்கு முந்தின கடைசி வெள்ளிக்கிழமை, மனசு கேட்காமல் போனேன். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். என் முறை வந்தது.

"போட்டிக் கம்பெனி ஆளோட பேசக்கூடாதுன்னு எனக்கு விதி இருக்கு," என்றான் லியோ, சட்டியைப் பார்த்துக்கொண்டே.

"நான் இப்ப எந்தக் கம்பெனி ஆளும் இல்லடா."

"ஓ."

கரண்டியால் துழாவினான். துழாவி, சட்டியில் இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்து எண்ணெயை வடித்து என் தட்டில் வைத்தான். பக்கத்தில் முட்டைக்கோஸ் நூடுல்ஸ் இரண்டு கரண்டி. "சாப்பிடு," என்றான்.

எனக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. அந்தக் கலங்கின கண்ணோடேயே, கடவுளே, என் மனம் கேட்டது: இவ்வளவு பெரிய துண்டு எதற்கு? எல்லோருக்கும் சின்னது, எனக்கு மட்டும் ஏன் பெரியது? மனசு உறுத்துகிறதோ? அப்படியானால் தொண்ணூற்றாறில் என் பேரைக் கொடுத்தது...

தலையை நிமிர்த்தினேன். லியோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் நின்றவன், என் முகத்தில் எது ஓடினாலும் அவனுக்குத் தெரியும்.

"நோட்டு கொண்டாந்திருக்கியா எமிலு?" என்றான்.

என் கை தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தொட்டது. நோட்டு இருந்தது.

லியோ கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டான்.